இன்செர்ட் கட்டர்: பிளேடுக்கு முன்னால் உடம்பைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணத்தில் அப்பாவோடு சேர்ந்து கதவுப் பட்டறை நடத்துகிறேன். ஒரு ஸ்பிண்டில் மெஷினும் (சுழலும் தண்டில் கட்டரை மாட்டி மரத்தில் வடிவம் வெட்டுவது), டேபிளுக்கு அடியில் மாட்டிய அரை இஞ்ச் ரவுட்டரும் இருக்கின்றன. தேக்கு, வேம்பு நிலையும் கதவும்தான் எங்கள் வேலை. இரண்டு வருடமாக எம்.டி.எஃப். (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை) ஷட்டர் வேலையும் வருகிறது. முனையில் விடியா (கார்பைடு) டிப் பற்றவைத்த கட்டர்களை ஓசூருக்குச் சாணைக்கு அனுப்பினால் திரும்பி வர நாலு நாள் ஆகிறது. வந்த பிறகு கதவுச் சட்டத்தில் நாக்கும் காடியும் முன்போல் சேர்வதில்லை. தோளில் (நாக்கு கிளம்பும் படியில்) இடைவெளி தெரிகிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் இன்செர்ட் கட்டராக (பிளேடைத் திருகால் மாட்டி, மழுங்கினால் திருப்பிப் போடும் வகை) மாற்றிவிடுங்கள் என்கிறார். விலை மூன்று மடங்கு. அப்பாவோ, 'ஹெச்.எஸ்.எஸ். (கடின எஃகு) பிளேடை நானே தீட்டிக்கொள்கிறேன், இதெல்லாம் எதற்கு' என்கிறார். சோதித்துப் பார்க்க விலை குறைந்த ஒன்றை வாங்கி ஸ்பிண்டிலில் மாட்டினேன். பதினைந்தாம் நாள் ஒரு பிளேடின் மூலை உடைந்துவிட்டது. வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

அன்புத் தம்பி, உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்த உடைந்த மூலைதான். விலை, விட்டம், எத்தனை பிளேடு என்பதையெல்லாம் பிறகு பேசலாம். பதினைந்து நாளில் மூலை போன காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அந்தக் கட்டரை ஸ்பிண்டிலிலிருந்து கழற்றி மேஜைமேல் வையுங்கள். உடையாத பிளேடு ஒன்றைக் கழற்றி, அதன் முதுகில், அதாவது கட்டர் உடம்பில் பதிந்து உட்காரும் முகத்தில், நீல மார்க்கரால் மெல்லிசாகப் பூசுங்கள். மை உலர்வதற்குள் பழையபடி உட்கார வைத்து அளவாக முடுக்குங்கள். திரும்பக் கழற்றி, உடம்பில் பிளேடு உட்காரும் இடமான சீட்டைப் பாருங்கள். மை சீட் முழுக்க, முக்கியமாக வெட்டும் ஓரத்தை ஒட்டிய பக்கத்தில், ஒரே சீராகப் பதிந்திருந்தால் சீட் நல்ல சீட். திருகு ஓட்டையைச் சுற்றி மட்டும் வளையமாகப் பதிந்திருந்தால், அல்லது ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால், அந்தப் பிளேடு பாலம் போலத் தொங்கிக்கொண்டு வெட்டியிருக்கிறது. அது உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கார்பைடின் குணம் அப்படி. நசுக்கினால் தாங்கும், வளைத்தால் ஒடியும். டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் என்ற உலோகத்தால் ஒட்டவைத்துச் சூளையில் சுட்டெடுத்தது அது. நம் பட்டறைகளில் எல்லோரும் 'விடியா' என்று சொல்கிறோமே, அது 1920களில் ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி வைத்த வியாபாரப் பெயர். அவர்கள் மொழியில் 'வைரம் போல' என்று வரும் இரண்டு சொற்களைச் சுருக்கியது. கடினத்தில் அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் ஒன்றரை மில்லி (மில்லிமீட்டர்) கனமுள்ள ஒரு தகட்டுக்கு அடியில் பிடிமானம் இல்லையென்றால் எந்தக் கடினமும் உதவாது.

இதை என் கையாலேயே கற்றேன். தர்மபுரியில் நான் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பெரிய தேக்கு நிலை ஆர்டருக்கு நடுவில் பிளேடு மழுங்கியது. அவசரம். திருகைத் தளர்த்தி, பிளேடைத் திருப்பி, அப்படியே முடுக்கினேன். சீட்டைத் துடைக்கவில்லை. தேக்கின் பிசினும் தூளும் இறுகிய ஒரு துணுக்கு, கசகசா அளவுதான் இருக்கும், உள்ளே இருந்திருக்கிறது. முடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. திருகு படிகிறது என்று நினைத்தேன். மூன்றாவது கட்டை பாதி போகும்போது பிளேடின் மூலை பறந்து போய்த் தூள் உறிஞ்சும் தகட்டில் அடித்தது. ஓர் ஆள் அந்தப் பக்கம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த 'டிக்' சத்தம் கேட்டால் அப்போதே கழற்றுங்கள். விரிசல் விட்ட பிளேடு கண்ணுக்கு முழுசாகத்தான் தெரியும்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான்: இன்செர்ட் கட்டரில் நீங்கள் காசு கொடுப்பது பிளேடுக்கு அல்ல, அதன் உடம்புக்கு. பிளேடு வரும், போகும். உடம்பு பல வருடம் உங்கள் பட்டறையில் இருக்கும். சீட் எவ்வளவு துல்லியமாகக் கடையப்பட்டிருக்கிறது, எல்லாச் சீட்டும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா, திருகின் மரை ஆழமாக இருக்கிறதா என்பதெல்லாம் உடம்பில்தான் இருக்கிறது. விலை குறைந்த கட்டரில் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். பிளேடு பளபளவென்றுதான் இருக்கும்.

இனி உங்கள் தோள் இடைவெளிக்கு வருகிறேன். இன்செர்ட் எதற்கு என்பதற்கு உண்மையான காரணம் அதில் இருக்கிறது.

டிப் பற்றவைத்த கட்டரைச் சாணை பிடிக்கும்போது டிப்பின் முகத்தைத்தான் தேய்க்கிறார்கள். டிப்பின் முதுகும் இரு பக்கங்களும் பின்னால் போகப் போகச் சற்று உள்வாங்கி இருக்கும். உரசாமல் இருக்க அப்படித்தான் செய்தாக வேண்டும். ஆகவே முகத்தைத் தேய்த்தால் விட்டமும் குறைகிறது, டிப்பின் அகலமும் குறைகிறது. காடி போடும் கட்டர் அகலம் குறைந்தால் காடி ஒடுங்கும். நாக்கு என்பது இரண்டு கட்டர்களுக்கு நடுவில் மிஞ்சும் மரம். அந்த இரண்டும் ஒடுங்கினால் நாக்கு தடிக்கும். ஒடுங்கிய காடியில் தடித்த நாக்கு. தட்டித்தான் இறக்க வேண்டும். இதற்குமேல் விட்டம் குறைந்ததால் காடியின் ஆழமும் குறைந்துவிடும். கட்டை சாய்ந்து ஓடும் பேரிங் அதே அளவில் இருக்கிறதே, அது கட்டையை உள்ளே விடாது. காடிக் கட்டர் நாக்குக் கட்டர்களைவிட அதிகம் தேய்ந்திருந்தால் நாக்கின் நுனி காடியின் அடியில் முட்டி நிற்கும்; தோள் மூட மறுக்கும். நீங்கள் பார்க்கும் இடைவெளி இதுவாகத்தான் இருக்கும். ஜோடியில் ஒன்றை மட்டும் சாணைக்கு அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். சாணைக்காரர் மேல் குறை சொல்ல வேண்டாம். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் இது நடக்கும். இப்போதைக்கு, கட்டர்களுக்கு நடுவில் உள்ள வாஷரின் கனத்தைச் சரிசெய்து நாக்கின் தடிப்பைக் குறைக்கலாம். ஆழத்துக்கு அந்த வழி கிடையாது.

இன்செர்ட் கட்டரில் பிளேடு மழுங்கினால் திருப்பிப் போடுகிறோம். சதுர பிளேடுக்கு நாலு முனை, நீள பிளேடுக்கு இரண்டு. திருப்பின பிறகும் விட்டம் அதே, அகலம் அதே, வடிவம் அதே. போன தீபாவளிக்குச் செய்த கதவின் சட்டம் ஒன்று உடைந்து வந்தாலும் புதிதாக ஒன்று போட்டுச் சேர்க்கலாம். எம்.டி.எஃப். ஷட்டரில் டெம்ப்ளேட் வைத்து ஓரம் வெட்டும்போதும் இதே கதைதான். சாணை பிடித்த பிட்டின் விட்டம் பேரிங்கைவிடக் குறைந்துவிட்டதால் ஓரத்தில் ஒரு மெல்லிய படி நிற்கும். உப்புத்தாள் போட்டுத்தான் எடுக்க வேண்டும். இன்செர்ட் பிட்டில் அந்தப் படி வராது. நாலு நாள் காத்திருப்பதும் இல்லை. திருப்பிப் போட்டால் பத்து நிமிட வேலை.

அதற்காகக் கடைக்காரர் சொல்வதுபோல் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பிட்டின் விட்டம் 12 மில்லிக்குக் கீழே போகப் போக, திருகும் சீட்டும் வைக்க உடம்பில் இடமே இருக்காது. 6, 8 மில்லி காடிக்கு முழுக் கார்பைடு பிட்டோ, டிப் பற்றவைத்ததோதான் சரி. வருடத்துக்கு இரண்டு முறை ஓட்டும் பீடிங் (ஓர அலங்காரப் பட்டை) வடிவத்துக்கும் இன்செர்ட் தேவையில்லை. சாணைக்கு அனுப்பும் அளவுக்கே அது தேயாது. எந்தக் கட்டர் சாணைக்கு அடிக்கடி போகிறதோ, எந்தக் கட்டரின் அளவு மாறினால் ஜாயின்ட் கெடுகிறதோ, அதை மட்டும் மாற்றுங்கள். ஓசூர் சாணைப் பட்டறை பில்களை எடுத்து வைத்து எண்ணினால், எந்தக் கட்டர் என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு என் வரிசை: முதலில் ஸ்பிண்டிலுக்கு ஒரு ரிபேட் கட்டர். நிலையில் கதவு உட்காரும் படி வெட்டுவதுதான் உங்கள் தினசரி வேலை. அடுத்து எம்.டி.எஃப்.புக்குப் பேரிங் வைத்த இன்செர்ட் ரவுட்டர் பிட். இந்த இரண்டும் ஆறு மாதம் ஓடின பிறகு, கையில் தெம்பு இருந்தால் கதவுச் சட்டத்தின் நாக்கு-காடி ஜோடி. ஜோடியை ஒரே இடத்தில், ஒரே தயாரிப்பில் வாங்குங்கள்.

ரிபேட் கட்டர் வாங்கும்போது நீள பிளேடுகளோடு பக்கவாட்டில் சின்னச் சதுர பிளேடுகளும் இருக்கிறதா பாருங்கள். அவை மரத்தின் நாரை முன்கூட்டியே கீறிவிடும். கட்டையின் முனையில், நாருக்குக் குறுக்கே படி வெட்டும்போது தேக்கு சிம்பு சிம்பாகப் பிய்ந்து வராமல் இருப்பது அந்தச் சின்ன பிளேடுகளால்தான். அவை இல்லாத கட்டர் விலை குறைவு. அந்த மிச்சத்தை உளியும், பிய்ந்ததை அடைக்கும் பட்டியும் தின்றுவிடும்.

பிளேடின் அளவு எங்கேயும் கிடைக்கும் அளவாக இருக்க வேண்டும். நீளத்தில் 30 மில்லி, 50 மில்லி, இரண்டுக்கும் அகலம் 12, கனம் ஒன்றரை. சதுரத்தில் 12-க்கு 12, 14-க்கு 14. இவை பல தயாரிப்பாளர்களுக்கும் பொது. திருகு ஓட்டை ஒன்றா இரண்டா, இரண்டென்றால் இடைவெளி எவ்வளவு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியிடம் மட்டும் கிடைக்கும் விசித்திரமான அளவில் பிளேடு போட்ட கட்டரை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், நம் ஊர்ப் பட்டறைக்கு வாங்காதீர்கள். பெங்களூர் கடையில் அந்தப் பிளேடு தீர்ந்துபோன நாளில் கட்டர் பேப்பர் வெயிட்டாகிவிடும். வாங்கும் நாளிலேயே இரண்டு செட் பிளேடும், நாலைந்து திருகும், நட்சத்திர வாய் சாவி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். திருகுக்கும் ஆயுள் உண்டு. வாய் உருண்டுபோன திருகை மறுபடி போடக் கூடாது.

அடுத்தது, ஸ்பிண்டிலில் ஏறும் துளை. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் ஸ்பிண்டிலை வெர்னியரால் அளந்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். 25 மில்லியும் ஒரு இஞ்சும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லி. 25 மில்லி ஸ்பிண்டிலில் அதை ஏற்றினால் கட்டர் 0.2 மில்லி வரை மையம் விலகி உட்காரும். அப்போது ஒரு பக்கத்துப் பிளேடு எதிர்ப்பக்கத்துப் பிளேடைவிட 0.4 மில்லி வெளியே நிற்கும். இரண்டு பிளேடு இருந்தும் ஒன்றுதான் வெட்டும். அது சீக்கிரம் மழுங்கும், மெஷின் அதிரும், மரத்தில் அலை அலையாகக் கோடு விழும். 30 மில்லிக்கும் ஒன்றேகால் இஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் அதிகம். தகரத்தைச் சுருட்டி உள்ளே சொருகி ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். கிரைண்டிங் செய்த புஷ் (துளைக்குள் செருகும் வளையம்) போடுங்கள். இல்லையென்றால் சரியான துளையோடு கேட்டு வாங்குங்கள்.

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் மோட்டார் நிமிடத்துக்கு 2880 சுற்று, மோட்டார் புல்லி 200 மில்லி, ஸ்பிண்டில் புல்லி 80 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஸ்பிண்டில் 7200 சுற்று ஓடும். கட்டரின் விட்டத்தை மில்லியில் எடுத்து, சுற்றால் பெருக்கி, 19,100-ஆல் வகுத்தால் பிளேடு முனை விநாடிக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று வரும். 125 மில்லி கட்டருக்கு 7200 சுற்றில் 47 மீட்டர். கையால் தள்ளும் ஸ்பிண்டிலுக்கு 40-லிருந்து 70 மீட்டருக்குள் இருப்பது நல்லது. 40-க்குக் கீழே போனால் ஒவ்வொரு பிளேடும் பெரிய கவளமாகக் கடிக்கும், கட்டையைத் திருப்பி அடிக்கும். வேகம் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து இதே கட்டரை 4500 சுற்றில் ஓட்டுபவர்கள் உண்டு. அங்கே வருவது 29 மீட்டர்தான். கட்டர் உடம்பில் பொறித்திருக்கும் அதிகபட்சச் சுற்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது. அந்தப் பொறிப்பே இல்லாத கட்டரைக் கையால் தொடாதீர்கள்.

பொறிப்பில் இன்னொன்றும் தேடுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 847-1 படி செய்த கட்டரில் 'எம்.ஏ.என்.' என்ற மூன்று எழுத்து இருந்தால் அது கையால் தள்ளும் வேலைக்கு உரியது. அதன் உடம்பு உருண்டையாக இருக்கும். பிளேடு உடம்பைவிட 1.1 மில்லிக்கு மேல் வெளியே நீட்டாது. விரலோ கட்டையோ தவறி உள்ளே போனாலும் அந்த அளவுக்கு மேல் கடிக்க முடியாது. 'எம்.இ.சி.' என்று இருந்தால் அது ஃபீடர் மெஷின் தள்ளும் வேலைக்கு. உங்களிடம் பவர் ஃபீடர் இல்லை என்று நினைக்கிறேன், கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் முதல் வகை மட்டும்தான் உங்களுக்கு. நட்சத்திரம் போல் இரண்டு கை நீட்டிக்கொண்டிருக்கும் பழைய மாடல் கட்டர் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். கட்டர் சுழலும் திசைக்கு எதிராகத்தான் கட்டையைத் தள்ள வேண்டும், கையுறை போடக் கூடாது என்பதெல்லாம் அப்பா உங்களுக்கு எப்போதோ சொல்லியிருப்பார்.

ரவுட்டருக்கு வருவோம். அரை இஞ்ச் காலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாய்) என்றால் 12.7 மில்லி. கடையில் 12 மில்லி தண்டுள்ள பிட்டும் அதே தட்டில் கிடக்கும். அதை அரை இஞ்ச் காலெட்டில் போட்டு முடுக்கினால் பிடித்த மாதிரி இருக்கும். வேலை நடுவில் மெல்ல மெல்ல வெளியே ஊர்ந்து வரும். தண்டை அளந்து வாங்குங்கள். தண்டு காலெட்டுக்குள் முழுக்க இறங்கின பிறகு ஓரிரண்டு மில்லி மேலே தூக்கிப் பிடித்து முடுக்குங்கள்.

பிளேடு ஒன்றா இரண்டா என்று கேட்டால், எம்.டி.எஃப். ஓரம் வெட்ட இரண்டு. ஆனால் வேகத்தைப் பாருங்கள். 18,000 சுற்றில், இரண்டு பிளேடு பிட்டில், நிமிடத்துக்கு 3 மீட்டர் தள்ளினால் ஒவ்வொரு பிளேடும் எடுப்பது 0.08 மில்லிதான். அது வெட்டு அல்ல, உரசல். தூள் மாவாக வரும், பிட் சூடாகும், பிளேடு கருகும். பிட் சரியில்லை என்று திட்டுகிறோம். தவறு நம் தள்ளலில் இருக்கிறது. சுற்றைக் குறையுங்கள் அல்லது சற்று வேகமாக, நடுவில் நிற்காமல் தள்ளுங்கள். கையால் தள்ளும்போது மெதுவாகத்தான் போக முடிகிறது என்றால் ஒற்றை பிளேடு பிட்டே போதும். 50 மில்லிக்கு மேல் விட்டமுள்ள பிட்டை 18,000-இல் ஓட்டாதீர்கள். 12,000 சுற்றில், டேபிளில் மாட்டி மட்டும். மேலிருந்து நேராக உள்ளே இறக்கும் வேலை இருந்தால், பிட்டின் அடியிலும் வெட்டும் பிளேடு இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். பல இன்செர்ட் பிட்டுகளுக்கு அடி மொட்டைதான்.

இப்போது மரம். அப்பாவின் பேச்சுக்கு இங்கே மரியாதை கொடுக்க வேண்டும்.

தேக்கில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத மணல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வைரம் பாய்ந்த தேக்கை ஹெச்.எஸ்.எஸ். பிளேடால் நாள் முழுக்க இழைத்தவர்களுக்கு, மத்தியானத்துக்குள் முனை போய்விடுவது தெரியும். எம்.டி.எஃப்.பில் பசை, அதுவும் எஃகை வேகமாகத் தின்னும். இந்த இரண்டுக்கும் கார்பைடுதான். வேம்பு வேறு மாதிரி. அதன் நார் பின்னிப் பின்னிப் போகும். ஒரு பக்கம் வழுவழுவென்று வந்த கட்டை அரை அடி தள்ளிச் செதில் செதிலாகக் கிளம்பும். அதற்கு மருந்து, கூரான முனையும் குறைவான ஆழமும். கடைசி ஓட்டத்துக்கு அரை மில்லி மட்டும் விட்டு வைத்து, பிளேடைத் திருப்பிப் போட்டுப் புது முனையில் ஓட்டிப் பாருங்கள். பச்சை மரத்தில் மட்டும் கார்பைடின் மேல் அதிகம் நம்பிக்கை வைக்க வேண்டாம். ஈர மரத்தின் புளிப்பும் துவர்ப்பும் கோபால்ட்டை அரிக்கும். துகள்கள் பிடி விட்டு உதிரும். காயாத மரத்தில் நிலை போடுவது எப்படியும் தவறுதான்.

பழைய வீடு இடித்து வரும் மரம் உங்கள் பக்கம் நிறைய வருகிறது. உத்திரம், பழைய நிலை, தூண் எல்லாவற்றிலும் ஆணி ஒளிந்திருக்கும். ஆணியில் ஹெச்.எஸ்.எஸ். பிளேடு பட்டால் ஒரு பொக்கை விழும். அப்பா அதைத் தேய்த்து எடுத்துவிடுவார். கார்பைடு பட்டால் சில்லாகப் பெயரும். அந்த வேலைக்கு அப்பா பிளேடு மாட்டும் கட்டையை அப்படியே வைத்திருங்கள். கோயில் கதவுக்கு, ஒரே ஒரு வீட்டுக்கு என்று வரும் தனி வடிவங்களுக்கும் அதுதான். நீங்களே வடிவம் தேய்த்துக்கொள்ளும் வசதி இன்செர்ட்டில் கிடையாது. இதில் அப்பா சொல்வது பழைய காலத்துப் பேச்சு அல்ல. நன்றாகத் தீட்டிய எஃகு முனை முதல் சில மீட்டருக்குக் கார்பைடைவிடச் சுத்தமாக வெட்டும். நீடிக்காது என்பதுதான் அதன் குறை.

இன்னொன்று. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் கிரானைட் பட்டறை இல்லாத சாலை குறைவு. உங்கள் மரத்தை அதன் பக்கத்திலோ மண் தரையிலோ அடுக்கிக் காயப்போட்டிருந்தால், கல்தூளும் மணலும் மரத்தின் துளைகளில் ஏறியிருக்கும். மெஷினில் விடும் முன் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். ஒரு பிளேடு திருப்பலாவது மிச்சமாகும்.

பராமரிப்பில் நான் மேலே சொன்ன சீட் துடைப்புதான் முதலும் கடைசியும். பிளேடைக் கழற்றியதும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சீட், பிளேடு முதுகு, திருகின் கழுத்து மூன்றையும் துடையுங்கள். மூலையில் இறுகிய பிசினைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுங்கள். உளி முனையால் சுரண்டினால் சீட்டில் கோடு விழும், அந்தக் கோட்டின் மேடு அடுத்த பிளேடை உடைக்கும். காஸ்டிக் சோடாவில் ஊறப்போடும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. கட்டர் உடம்பு அலுமினியமாக இருந்தால் அது உடம்பைத் தின்றுவிடும். முடுக்குவதற்கு, கட்டரோடு வரும் குட்டைச் சாவியே போதும். அதன் வாலில் குழாய் சொருகி நீட்டி முடுக்குவது கூடாது. பிளேடைச் சீட்டின் பின்சுவரோடு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகை இறக்குங்கள். ஒரு கட்டரில் எத்தனை பிளேடு இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருப்புங்கள். எந்த முனை முடிந்தது என்று தெரிய, திருப்பும்போது முடிந்த முனையின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள்.

மூன்று மடங்கு விலைக்கு என் பதில்: கட்டரின் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். பழைய கட்டரை ஒரு வருடத்துக்கு எத்தனை முறை ஓசூர் அனுப்பினீர்கள், ஒரு முறைக்குச் சாணைக் கூலி, போய்வரும் செலவு, அந்த நாலு நாளில் தள்ளிப்போன வேலை, இவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். மறுபக்கம் ஒரு செட் பிளேடின் விலையை அதன் முனைகளால் வகுத்து, வருடத்துக்கு எத்தனை திருப்பல் என்று பெருக்கி எழுதுங்கள். ரிபேட் கட்டருக்கு முதல் வருடத்திலேயே தட்டு சாய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். பீடிங் கட்டருக்குச் சாயாது.

நாலு முனையும் முடிந்த பிளேடுகளைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் சேருங்கள். விடியா ஸ்க்ராப்புக்கு நல்ல விலை உண்டு. அந்த உடைந்த பிளேடை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து, மை சோதனை செய்த சீட்டின் புகைப்படத்தோடு எனக்கு அனுப்பி வையுங்கள். உடைந்த முகம் திருகு ஓட்டையிலிருந்து கிளம்பியிருந்தால் முடுக்கியதில் பிழை அல்லது சீட்டில் பிழை. வெட்டும் முனையிலிருந்து கிளம்பியிருந்தால் உங்கள் தேக்குக்குள் ஓர் ஆணி இருந்திருக்கலாம்.